உஷார்! தண்டவாளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கால் மசாஜ் கருவி

ராத்திரி ரயிலில் பிள்ளைகளைப் படுக்க வைத்து, செருப்பை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பையின் வாரை முழங்கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடுகிறீர்களே, ஒரு நிமிஷம். திருடனுக்குப் பயந்து பையைப் பிடித்துக்கொள்கிறோம். நமக்குக் கீழே ஓடும் தண்டவாளத்துக்கான பணம் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டோமா?

கேட்கவில்லை. நானும்தான் கேட்டதில்லை.

முதலில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மாடி அடுக்கு வீடு. மாதா மாதம் பராமரிப்புப் பணத்தோடு லிஃப்டுக்கென்று தனியாக 200 ரூபாய். வாங்கினார்கள், ரசீதும் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் கூட்டம். டீ, போண்டா வரும். செயலாளர் கணக்கைப் படிப்பார். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்பார். கை தூக்கிவிட்டு எல்லாரும் சீரியலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நுழைவாயிலுக்கு வளைவு வந்தது. செடித்தொட்டி வந்தது. அசோசியேஷன் அறைக்குப் புது நாற்காலிகள் வந்தன. எல்லாமே லிஃப்ட் பணத்தில்! யாரும் திருடவில்லை. எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. ஒருநாள் காலையில் காய்கறிப் பையோடு ஏறினார் அக்கா. இரண்டாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் சறுக்கிக் கீழே வந்து இடித்து நின்றது. கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. அப்புறம்தான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். லிஃப்ட் சர்வீஸ் என்ற வரியில் இரண்டு வருஷமாக ஒரு பைசா செலவில்லை.

இதே கதை தேசத்தின் அளவில் நடந்திருக்கிறது. உஷாராகக் கேளுங்கள்.

2016 நவம்பரில் கான்பூர் பக்கம் புக்ராயனில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. சுமார் 150 பேர் செத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் பட்ஜெட் வாசித்த அருண் ஜேட்லி ஒரு நிதியை அறிவித்தார். பெயர் ராஷ்ட்ரீய ரயில் சன்ரக்ஷா கோஷ், ரயில் பாதுகாப்புக்கென்றே ஒரு நிதி. 5 வருஷத்தில் 1 லட்சம் கோடி ரூபாய். தேய்ந்த தண்டவாளத்தை மாற்ற, சிக்னலைச் சரி செய்ய, ஆளில்லா கேட்டை ஒழிக்க. நல்ல எண்ணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. 1924-லிருந்து தனியாக வாசிக்கப்பட்டு வந்த ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு சேர்க்கப்பட்டது. ரயில்வே கணக்குக்கென்றே நாடாளுமன்றத்தில் இருந்த அந்தத் தனி பட்ஜெட் நாள் போய்விட்டது. புதுப் பணம் வந்த அன்றைக்கே, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண் மூடிக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறகு என்ன ஆயிற்று? சிஏஜி என்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ரயில் தடம்புரளல்களைப் பற்றி ஒரு அறிக்கை தந்தார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த அக்காவின் நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

பாதுகாப்பு நிதியில் கால் மசாஜ் கருவி வாங்கியிருக்கிறார்கள். பீங்கான் பாத்திரம், மேஜை நாற்காலி, கம்ப்யூட்டர், குளிர்கால ஜாக்கெட். தோட்டம் போட்டிருக்கிறார்கள். எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள். சம்பளமும் போனஸும் இதிலிருந்து போயிருக்கிறது. குளிரில் வேலை பார்க்கிறவருக்கு ஜாக்கெட் வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. தண்டவாளக் காசில் ஏன் கை வைக்க வேண்டும்?

அவசரமில்லாத இப்படிப்பட்ட வேலைகளுக்கு 2017-18-ல் 463 கோடி போயிற்று. 2019-20-ல் அது 1,004 கோடி! முதல் முன்னுரிமை வேலைகளுக்குப் போன பங்கோ 81 சதவீதத்துக்கு மேல் இருந்து 74 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ரயில்வே தன் சொந்த வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 5,000 கோடி இந்த நிதியில் போட வேண்டியிருந்தது. 4 வருஷத்தில் 20,000 கோடி சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் 15,775 கோடி குறைந்தது. ரூபாய்க்கு 21 காசுதான் போட்டிருக்கிறார்கள்!

ரயில்வே தரப்பையும் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தில் 5 வருஷத்தில் 1 லட்சம் கோடிக்கு மேலேயே செலவிட்டுவிட்டோம் என்கிறார்கள். பெரிய விபத்துகள் 2014-15-ல் 135 இருந்தன, 2023-24-ல் 40 ஆகியிருக்கின்றன. இது உண்மை. இந்த 40-ஐப் பார்த்துத்தான் நாம் நிம்மதியாகிவிடுகிறோம், அங்கேதான் எனக்குப் பயம். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் பக்கம் பஹாநாகா பஜாரில் நடந்தது எண்ணிக்கையில் ஒரே விபத்து. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் போய் மோதியது. செத்தவர்கள் 290 பேருக்கு மேல். சிக்னல் வேலையில் நடந்த தவறு என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணையில் தெரிந்தது. மசாஜ் கருவியால் அந்த விபத்து நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அதற்குப் பத்து வாரம் முன்னால், மார்ச் 23 அன்று, மக்களவை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. இதற்குப் பெயரே கில்லட்டின். கூச்சல், குழப்பம், “எல்லாருக்கும் சம்மதம்தானே?”, முடிந்தது. ரயில்வேக்கான 2.40 லட்சம் கோடி மூலதனச் செலவும் அதற்குள் இருந்தது. மொட்டை மாடிக் கூட்டத்தில் போண்டாவாவது கிடைத்தது.

எப்போது பதற வேண்டும் என்று சொல்கிறேன், காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நிதியின் பெயரில் ‘பாதுகாப்பு’ என்று இருந்தால் உடனே நிம்மதியாகாதீர்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது தலைப்புச் செய்தியில் வரும். எதற்குச் செலவானது என்பது வராது.

சோதனை குறைகிறதா, அது பெரிய ஆபத்து! தண்டவாளத்தின் நிலையை அளந்துகொண்டே ஓடும் சோதனை வண்டிகள் இருக்கின்றன. அவை ஓட வேண்டிய அளவில் 30 முதல் 100 சதவீதம் வரை குறைந்தது என்கிறது அதே அறிக்கை. நூறு சதவீதம் குறைவென்றால் வண்டி அந்தப் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். விபத்து விசாரணை அறிக்கைகளிலும் பாதிக்கு மேல் கெடு தாண்டித்தான் வந்திருக்கின்றன.

தணிக்கை தாமதமாக வருகிறதா? 2017-ல் தொடங்கிய செலவின் கதை நமக்குத் தெரிந்தது 2022 கடைசியில். அதற்குள் அதே நிதியை மேலும் 5 வருஷத்துக்கு நீட்டித்து, அரசுப் பங்காக 45,000 கோடி ஒதுக்கியும் ஆகிவிட்டது.

பயந்துகொண்டு ரயிலில் ஏறாமல் இருந்துவிடாதீர்கள். ரோட்டை விட ரயில்தான் பத்திரம், என் பிள்ளைகளையும் அதில்தான் அனுப்புகிறேன். அனுப்புவதால்தான் கேட்கச் சொல்கிறேன். சிஏஜி அறிக்கையைப் பிரித்துப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, 22 எம்.பி.க்கள். ரயில்வேக்கென்று தனி நிலைக்குழு இருக்கிறது. பட்ஜெட் கூட்டத்தொடரில் நடுவே விடும் இடைவெளியில்தான் அது ரயில்வேயின் மானியக் கோரிக்கையை, அதாவது வரும் வருஷச் செலவுக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்கும் கணக்கை, உட்கார்ந்து படிக்கும். உங்கள் தொகுதி எம்.பி. ஆபீசுக்கு ஒரு கார்டு போடுங்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் பாதையில் தண்டவாளம் கடைசியாக எப்போது மாற்றினார்கள், சோதனை வண்டி எப்போது வந்தது, பாதுகாப்பு நிதியில் எவ்வளவு எதற்குப் போனது என்ற மூன்று கேள்வி போதும். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள்.

மார்ச்சுக்குள் கேட்டுவிடுங்கள். மானியக் கோரிக்கை நிறைவேறிவிட்டால் அடுத்த வருஷம்தான்.