வீட்டுக் காஸ் அடுப்பு: பராமரிப்பும் பழுது நீக்கமும்



தராசுக்கு முத்திரை வைக்கும் தேதியை நாம் மறப்பதில்லை. ஷட்டர் இறுகினால் அன்றைக்கே கிரீஸ் போடுகிறோம். கடைப் பூட்டுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். ஆனால் நாள்தோறும் நமக்குச் சோறு போடும் காஸ் அடுப்பை, அது எரியாமல் நின்றால் ஒழிய திரும்பிப் பார்ப்பதில்லை.

நம்மில் பலருக்குக் கடையின் பின்கட்டிலோ மாடியிலோதான் வீடு. கீழே எண்ணெய் டின், சூடம், தீப்பெட்டிப் பண்டல், கோணிச் சாக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கே ஏற்படும் சிறு பழுது, ஒரு தலைமுறை உழைப்பைச் சாம்பலாக்கிவிடும். அதனால்தான் நமது இதழில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2009-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அதிகாலை நாலரை மணி. என் துணைவியார் சமையலறைக்குப் போனவர், நெடி வந்ததும் சுவிட்சுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "ஏங்க, எழுந்திரிங்க, லைட்டைப் போட்டுடாதீங்க" என்று சத்தம் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே தடவி ரெகுலேட்டரை மூடி, கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். எல்லோரும் வெளியே வந்து, விடியும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், தரையை ஒட்டிக் கிடந்த ரப்பர் டியூபில் எலிப் பல் பதிந்த ஓட்டை. மண்டிச் சரக்கு இருக்கிற இடத்தில் எலிக்குக் கேட்பானேன்? இரவில் ரெகுலேட்டரை மூடும் வழக்கமும் எங்களுக்கு அன்று இல்லை.

இதில் என்னை உறுத்தியது வேறு. அந்த டியூப் என் கடை ரோலில் இருந்து நானே வெட்டி எடுத்து வந்தது. எந்த முத்திரையும் இல்லாத சரக்கு. லைட்டர், பர்னர் பின் இவற்றோடு அதையும் சில்லறைக் கடைக்காரர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அடுப்பைப் பார்ப்போம்.

தீயின் நிறம் பாருங்கள்

அடுப்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய மெக்கானிக் தேவையில்லை. தீ நீலமாக, சீராக, சத்தமில்லாமல் எரிந்தால் அடுப்பு நலம். மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால், வாயுவோடு போதிய காற்று சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் பர்னர் துளைகளும், பர்னருக்குக் கீழே உள்ள கலவைக் குழாயும் அடைத்திருக்கும். கொஞ்ச நாள் புழங்காத அடுப்பென்றால் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும்.

தீ பர்னரை விட்டு எழும்பி நின்று இரைந்தால் காற்று மிகுதி. பர்னருக்கு உள்ளேயே 'புஸ்' என்று பற்றினால் உடனே குமிழை மூடிவிட வேண்டும். பர்னர் மூடி சரியாக உட்காராததே பெரும்பாலும் காரணம். ஆறவிட்டு, மூடியைச் சரியாகப் பொருத்தி, மறுபடி பற்ற வையுங்கள். அதன் பின்னும் அப்படியே இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள்.

பர்னரைச் சுத்தம் செய்யும் முறை

மாதம் ஒரு முறை போதும். பால் பொங்கி வழிந்தால் அன்றைக்கே செய்ய வேண்டும்.

1. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு பர்னர்களைக் கழற்றவும்.

2. பித்தளைப் பர்னரைப் புளி அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்க்கவும். அலுமினியப் பர்னருக்குச் சோப்பு நீர் மட்டுமே. சலவைச் சோடா அலுமினியத்தை அரித்துவிடும்.

3. துளைகளைப் பின்னால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கவும். கலவைக் குழாயின் உள்ளே துணி சுற்றிய குச்சியை விட்டுத் துடைக்கவும்.

4. வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டவும். ஈரம் இருந்தால் தீ படபடவென்று வெடித்து எரியும்.

கண்ணாடி மேற்பலகை உள்ள அடுப்பாக இருந்தால், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் படக்கூடாது. விரிசல் விட்டுவிடும்.

ஜெட்டும் குமிழும்

கலவைக் குழாயின் வாயில் பித்தளையில் சிறிய ஜெட் இருக்கும். அதன் கண் மிகச் சிறியது. அதன் அளவுக்குத் தக்கபடிதான் வாயு வரும். அடைத்துக்கொண்டால் தையல் ஊசியை விட்டுக் குடையக் கூடாது. கண் பெரிதானால் வாயு மிகுதியாக வந்து, தீ மஞ்சளாகி, சிலிண்டர் சீக்கிரம் தீரும். சந்தையில் ஒரு ஜெட் வாங்கி மாட்டினால் போயிற்று என்று நினைப்பதும் தவறு. அந்த அடுப்புக்கு உரிய அளவே வேண்டும்.

குமிழ் இறுகினால் குறடு போட்டுத் திருகுபவர்கள் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கூடாது. குமிழுக்குக் கீழே கூம்பு வடிவில் ஒரு பித்தளை அடைப்பான் சுழல்கிறது. அதில் உள்ள கிரீஸ் சூட்டில் காய்ந்து போவதால்தான் இறுகுகிறது. அதைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் போட வேண்டும். ஒரு பர்னரின் அடைப்பானை இன்னொன்றில் மாற்றிப் போட்டால் சரியாகப் பொருந்தாமல் கசியும். ஆகவே குமிழ் வேலை மெக்கானிக் வேலை. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டியூபும் ரெகுலேட்டரும்

பர்னர் பழுதானால் சமையல்தான் கெடும். டியூப் பழுதானால் குடியே கெடும்.

டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். இடையில் ஒட்டு இருக்கக் கூடாது. சுவரைத் துளைத்து அதன் வழியே கொண்டுபோகக் கூடாது. அடுப்பின் அடியில் சூடு படும்படி விடக் கூடாது. இரு முனைகளும் நாசிலின் கடைசி வரை ஏறியிருக்க வேண்டும். மாதம் ஒரு முறை டியூபை வளைத்துப் பாருங்கள். மேலே கீறல் தெரிந்தாலோ, முனை தளர்ந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

எண்ணெய் நிறுவனங்களின் ஏஜென்சிகளில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபின் உள்ளே கம்பி வலை உண்டு. எலி கடித்தாலும் அதைத் தாண்டிப் போவது கடினம். அதற்கும் ஆயுள் 5 ஆண்டுதான். மேலே அச்சிட்டுள்ள தேதியைப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும். ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்புக் குமிழ்களை மூடி, டியூபின் இரு முனைகளிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் நுரையைத் தடவுங்கள். முட்டை விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது சோதனை அல்ல, கொலை.

ரெகுலேட்டரைப் பிரித்துப் பழுது பார்க்கும் எண்ணமே வேண்டாம். கெட்டால் ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். டீக்கடைப் பெரிய அடுப்புக்கான அதிக அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டவே கூடாது.

சிலிண்டர் வந்ததும்

நாம் தராசு வைத்திருப்பவர்கள். வீட்டுச் சிலிண்டரில் வாயு 14.2 கிலோ. காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். இரண்டையும் கூட்டி நிறுத்துப் பாருங்கள்.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. அதுவே அடுத்த சோதனைக்குரிய கெடு. கெடு கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

சீலைப் பிரித்து மூடியைக் கழற்றியதும் வால்வின் உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் குமிழி வரக்கூடாது. இதைச் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியைச் செய்யச் சொல்லுங்கள். அது அவர் கடமை. பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் சிலிண்டரிலேயே கட்டிவையுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு மேடையின் மேல், சிலிண்டர் தரையில்.

நெடி வந்தால்

சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நெடியுள்ள மருந்தைக் கலக்கிறார்கள். அந்த நெடி ஓர் எச்சரிக்கை மணி. வாயு காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றும்.

ஆகவே எரிகிற விளக்கை, ஊதுவத்தியை முதலில் அணையுங்கள். குமிழையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவுகளைத் திறந்துவிடுங்கள். மேல் ஜன்னல் மட்டும் போதாது, தரை வரை உள்ள கதவு திறக்க வேண்டும். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பேன் போட்டு நெடியை விரட்ட நினைப்பது பேராபத்து. கைப்பேசியை வெளியே போய்ப் பேசுங்கள். முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை மாட்டி, சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். கசிவு அவசரத்திற்கு 1906 என்ற எண் இரவு பகலாக உண்டு. வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடைப் பையன்களுக்கும் அதை மனப்பாடம் செய்து வையுங்கள்.

கடையில் காபி போடுவோருக்கு

வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைத்துக் காபி, பலகாரம் போடுவது 2000-ஆம் ஆண்டின் எரிவாயு வினியோக ஆணைப்படி குற்றம். கடைக்கு உரியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். தண்டனை கிடக்கட்டும். சாக்கு மூட்டைக்கும் சூடப் பெட்டிக்கும் நடுவில், காற்றோட்டம் இல்லாத கல்லா மேஜைக்கு அடியில் சிலிண்டர் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன்.

நாம் விற்பது எது?

இனி என் கதைக்கு வருகிறேன். அன்று காலை கடையைத் திறந்ததும் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த டியூப் ரோல் ஒன்பது கடைகளுக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பி, மீதம் இருந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். பணத்தைக் கணக்கில் வரவு வைத்தேன். இரண்டு பேர், "அண்ணாச்சி, நல்லா ஓடுற சரக்கை ஏன் வாபஸ் வாங்குறீங்க?" என்று கேட்டார்கள். கடித்த டியூபைக் கையில் கொடுத்தேன். அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் திரும்பி வந்தது மீதம்தான். மீட்டர் மீட்டராக வெட்டி விற்றது எந்தெந்த வீட்டில் போய்ச் சேர்ந்ததோ, யாருக்கும் தெரியாது. சில்லறை விற்பனைக்குப் பில் கிடையாதே. அந்த எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

2007-ல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. விறகு எரித்த வீடுகளிலும் இன்று காஸ் அடுப்பு இருக்கிறது. அந்த வீட்டுத் தாய்மார்கள் டியூபும் லைட்டரும் கேட்டு முதலில் வருவது நம் கடைக்குத்தான். நாம் எடுத்துக் கொடுப்பதை நம்பி வாங்கிப் போகிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்க அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும்.

ஆகவே சக வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுப்புக்கு ஐ.எஸ். 4246, டியூபுக்கு ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாத சரக்கைக் கடையில் ஏற்ற வேண்டாம். டியூப் கேட்டு வருபவரை ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டால், ஒரு மீட்டரில் கிடைக்கும் சில ரூபாய் போகும். அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமும் பருப்பு வாங்க நம் கடைக்கு வருவார். அதுவே நமக்கு வேண்டிய லாபம்.

இன்று இரவு படுக்கப் போகுமுன், உங்கள் வீட்டு ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். நாளைக் காலை டியூபின் தேதியைப் பாருங்கள்.