விவிலியத் தமிழில் இறைப்பெயர்

மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேர்தல் அதன் பழம்பொருளையும் உடனேற்றலாகும். இவ்வுண்மையை விவிலியத் தமிழின் இறைப்பெயர்கள்வழி ஈண்டு விளக்குவோம்.

1715இல் தரங்கம்பாடியில் அச்சு நிறைவெய்திய சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 'சருவேசுரன்' என்றது. அதனுள் சிவனைக் குறிக்கும் 'ஈசுரன்' உண்டு. பின்னர்ப் பப்ரிசியுசு ஆண்ட 'பராபரன்' தாயுமானவர் பாடல்களிலும் பயில்வது. பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த பதிப்பு 'தேவன்' என்றது. அச்சொல்லோ தேவர் பலருள் ஒருவனையும் சுட்டும். 1995இன் பொது மொழிபெயர்ப்பு, சமயம் பலவற்றிற்கும் உரிய 'கடவுள்' என்பதை ஆள்கின்றது.

பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை இரேனியுசு திருத்தியபோது தஞ்சை வேதநாயக சாத்திரியார் வன்மையாக எதிர்த்தார். வழிபாட்டில் ஊன்றிய சொல்லை மாற்றுதல் எளிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

எனவே, முன்வழக்கற்ற சொல் எதுவும் மொழிபெயர்ப்பாளர்க்குக் கிட்டிற்றிலது. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தவை நூலின் சூழலும் மக்கள் வழக்குமே என்பது எம் துணிபு.