நகையைத் திருப்பிப் பாருங்கள்!

நகைக்கடைக்குப் போனதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? நெக்லஸைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறோம். "எடுப்பா இருக்கா?" என்று கூட வந்தவரைக் கேட்கிறோம். நானும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது, அம்மா கொடுத்த கெம்பு அட்டிகையைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான்.

2018-ல் என் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயந்திரம் அட்டிகையை எடுத்தால் கொஞ்சம் மங்கலாக இருந்தது. தங்கச் சங்கிலியைக் கழுவுகிற மாதிரியே, நல்ல வெந்நீரில் பூந்திக்கொட்டையைப் போட்டு, அதில் அட்டிகையை ஒரு மணி நேரம் ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். தங்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். காலையில் பெட்டியைத் திறந்தால் பகீரென்றது. நாலு கல் புளியங்கொட்டை நிறத்தில் கறுத்துக் கிடந்தன. ஓரத்தில் ஒரு சின்னக் கல்லைக் காணவே காணோம். ஊறவைத்த தண்ணீரை முதல் நாளே முற்றத்தில் கொட்டியாயிற்று!

கல்யாணம் முடிந்ததும் எங்கள் ஊர்ப் பத்தரிடம் ஓடினேன். பார்த்தவுடனேயே, "என்னம்மா, வெந்நீர்லே போட்டீங்களா?" என்றார். அட்டிகையைத் திருப்பிக் காட்டினார். "இது பின்னாலே மூடிக் கட்டின வேலை. கல்லுக்குக் கீழே மெல்லிசா ஒரு பளபளப்புத் தகடு இருக்கும். அதுக்கும் கீழே அரக்கு. சூடு பட்டா அரக்கு இளகும். தண்ணி உள்ளே போனா தகடு கறுத்துடும். அப்புறம் கல்லு எங்கேம்மா மின்னும்?"

அம்மா அந்த அட்டிகையை ஒரு நாளும் தண்ணீரில் போட்டதில்லை. கழற்றியதும் பழைய மல் துணியால் துடைத்து வைப்பாள். காரணத்தை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

வாங்கும்போது...

அதற்குப் பிறகு எந்தக் கல் நகையை எடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன். பின்னால் ஓட்டை வழியாகக் கல்லின் அடிப்பாகம் தெரிந்தால் அது 'ஓபன் செட்டிங்'. வெளிச்சம் உள்ளே போகும், கழுவுவதும் சுலபம். தங்கத்தால் மூடியிருந்தால் 'க்ளோஸ்டு செட்டிங்'. இதுவும் அழகுதான், ஆனால் கல்லின் அடியை நாம் பார்க்க முடியாது. பராமரிப்பிலும் கவனம் வேண்டும்.

அடுத்து முத்திரை. நம் நாட்டில் 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் மூன்று அடையாளங்களைப் பார்க்க வேண்டும்: முக்கோண வடிவ பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 என்பது போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். கடைசியாகச் சொன்னதை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவு வகைகளுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அவற்றை வாங்கும்போது பில்லில் தரம் என்ன என்று எழுதி வாங்குவது இன்னும் முக்கியம்.

மூன்றாவது எடை. ஒரு கெம்பு நெக்லஸ் தராசில் 24 கிராம் நிற்கிறது என்று வையுங்கள். அதில் கல்லும் அரக்கும் 3 கிராம் என்றால் தங்கம் 21 கிராம்தான். மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், 3 கிராம் அரக்கையும் கல்லையும் நாம் தங்க விலைக்கு வாங்குகிறோம்! பின்னால் மாற்றப் போகும்போது கல் எடையைக் கழித்துக்கொண்டுதான் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சேதாரமும் நிகர எடைக்குத்தானா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், நம் பணம்.

'காரட்' என்ற சொல்லும் நம்மைக் குழப்பும். தங்கத்துக்குக் காரட் என்றால் தரம். 22 காரட்டில் 100-க்கு 91.6 பங்கு சொக்கத் தங்கம். கல்லுக்குக் காரட் என்றால் எடை. 1 காரட் 200 மில்லிகிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். வைர நகைகளை 18 காரட் தங்கத்தில் செய்வதும் உண்டு. அது 22 காரட்டைவிடக் கெட்டி, கல்லை இறுக்கிப் பிடிக்கும்.

பாட்டி காலத்து நகை என்றாலே கல் இயற்கையானது என்று எண்ணிவிடாதீர்கள். செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரான்ஸ் நாட்டு வெர்னெய் 1902-லேயே வெளியிட்டுவிட்டார். கல்லுக்கென்று பெரிய விலை கேட்டால், பரிசோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

வீட்டில்...

ஓபன் செட்டிங் வைரத் தோட்டை வெதுவெதுப்பான நீரில், இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, குழந்தைகளின் மெத்தென்ற பிரஷ்ஷால் பின்பக்கமாகத் தேய்க்கலாம். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று ஒட்டும். கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள், குழாயடியில் வேண்டாம். கழுவின தண்ணீரை வடிகட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். என் கல் போனது போல உங்கள் கல் போக வேண்டாம்!

க்ளோஸ்டு செட்டிங் நகையைத் துணியால் துடைப்பதோடு சரி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தோட்டைக் கழற்றிவிடுங்கள். எண்ணெயும் சீயக்காயும் உள்ளே புகுந்தால் கல் மங்கிவிடும்.

முத்து, பவழம் இரண்டுக்கும் புளிப்பு ஆகாது. புளித்தண்ணீர், எலுமிச்சை பக்கமே கொண்டுபோகாதீர்கள். பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்தபின் முத்துமாலையைக் கடைசியாக அணியுங்கள், கழற்றும்போது முதலில் கழற்றுங்கள். பெரும்பாலான மரகதங்களில் உள்ளேயிருக்கும் கீறல் தெரியாமலிருக்க எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். அதனால் அதற்கும் வெந்நீர் ஆகாது. வைரம் எல்லாவற்றையும் கீறிவிடும், ஆகவே ஒவ்வொரு நகைக்கும் தனித் துணிப்பை நல்லது.

மாதம் ஒரு தரம் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் மேல் ஒரு பட்டுத் துணியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் கொக்கி தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே பத்தரிடம் காட்டிவிட வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது ரொம்ப அவசியம். கழன்ற கல்லும் திருகும் நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

என் அட்டிகையைப் பத்தர் பிரித்து, தகடு மாற்றி, புதுக் கல் ஒன்று வைத்துக் கொடுத்தார். கூலி போனது பெரிதில்லை. அந்தப் புதுக் கல் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலான சிவப்பு. என் பெண் போட்டுக்கொள்ளும்போது வேறு யாருக்கும் அது தெரிவதில்லை. என் கண் மட்டும் நேராக அங்கேதான் போகிறது.

இன்றைக்கு மத்தியானம் வேலை ஒழிந்ததும், உங்கள் கல் நகைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். எது ஓபன், எது க்ளோஸ்டு என்று ஒரு சீட்டில் எழுதி நகைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். நாளைக்கு உங்கள் பெண்ணோ மருமகளோ அதைத் துடைக்க எடுக்கும்போது, அந்தச் சீட்டு அவளுக்கு உதவும்.