‘குடல் எறங்கிருச்சு’ன்னு பெல்ட் கட்டிச் சமாளிக்கிறீங்களா?

‘குடல் எறங்கிருச்சு!’

திண்டுக்கல் பக்கம் இந்த வார்த்தையைச் சொல்லும்போதே பலருக்குக் குரல் தாழ்ந்துவிடும். ஆண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கட்டின மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். குளிக்கும்போது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கும். படுத்தால் உள்ளே போய்விடும். ‘சரி, போயிருச்சுல்ல’ என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்படியே இரண்டு வருஷம், ஐந்து வருஷம் ஓடும். ஒருநாள் ராத்திரி அது உள்ளே போகாமல் அடம் பிடிக்கும்போதுதான் வீடே அலறும்.

இத்தனைக்கும் இது வெட்கப்படுகிற வியாதியே இல்லை. பால்வினை நோய் கிடையாது. ஆண்மைக்குச் சம்பந்தமும் கிடையாது. இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்குப்படி, ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெண்களில் 3 பேருக்கும் வாழ்நாளில் எப்போதாவது தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். நாலு ஆணில் ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

டயரும் டியூபும்

ஹெர்னியா என்றால் என்ன? பழைய சைக்கிள் டயரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி டயர் ஓரிடத்தில் தேய்ந்து நைந்துபோனால், காற்றடித்ததும் அந்த இடத்தில் உள்ளே இருக்கிற டியூப் கொப்பளம் மாதிரிப் பிதுங்கி வெளியே வரும் இல்லையா? அதேதான். வெளி டயர் என்பது நம் வயிற்றின் தசைச்சுவர். டியூப் என்பது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுப்பையும், அதற்குள் வந்து உட்காரும் கொழுப்பும் குடலும்.

‘குடல் இறங்கிவிட்டது’ என்று சொல்கிறோமே தவிர, குடல் ஒன்றும் பாவம் தப்பு செய்யவில்லை. அது எப்போதும் போல நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. ஓட்டை விழுந்தது சுவரில்! இதை மனதில் வாங்கிக்கொண்டால், மாத்திரை, தைலம், பத்தியம் எதுவும் ஏன் இதைக் குணப்படுத்தாது என்பது தானே விளங்கிவிடும். டயர் கிழிசலை டானிக் ஊற்றியா அடைக்க முடியும்?

ஆண்களுக்கு ஏன் அதிகம்? தாய் வயிற்றில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விரைகள் அதன் வயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன்னால் அவை தொடை இடுக்கு வழியாக விதைப்பைக்கு இறங்கி வரும். வந்த பிறகு அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சரியாக மூடாது. சிலருக்கு மூடினாலும் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். நாற்பது ஐம்பது வயதில் தசை தளரும்போது அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

மூட்டை மட்டுமா காரணம்?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிற அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள். ‘மூட்டை தூக்குனா குடல் எறங்கும்’ என்பது அங்கே பால பாடம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் எகிறும். ஏற்கெனவே பலவீனமான இடம் இருந்தால் அது திறந்துகொள்ளலாம்.

ஆனால், மூட்டையே தூக்காத வாத்தியாருக்கும் பேங்க் குமாஸ்தாவுக்கும் ஹெர்னியா வருகிறதே? வருஷக்கணக்காக விடாத இருமல், பீடி சிகரெட், நாள்பட்ட மலச்சிக்கல், தொந்தி, குடும்பத்தில் அப்பா சித்தப்பாவுக்கு இருந்தது... இப்படிப் பல காரணங்கள் சேர்ந்துதான் வேலையைக் காட்டுகின்றன. பீடி இரண்டு வழியில் கெடுதல் செய்கிறது. இருமலைக் கொடுத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. தசைக்கு உறுதி தருகிற நார்ச்சத்தையும் அரித்துவிடுகிறது.

வயதானவர்கள் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். ‘அய்யாவுக்கு ஒண்ணுக்குப் போக ரொம்ப நேரம் ஆகுதுங்க, முக்கி முக்கித்தான் போறாரு’ என்றால், அது ப்ராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ஹெர்னியாவை மட்டும் தைத்துவிட்டு வந்தால், தினமும் முக்கி முக்கித் தையலுக்கே வேலை வைப்பார். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் சிறுநீர்ப் பிரச்னையையும் மலச்சிக்கலையும் இருமலையும் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எத்தனை வகை?

அதிகம் வருவது தொடை இடுக்கில். சிலருக்கு இது விதைப்பை வரை இறங்கிவிடும். ‘ஓதம்’ என்று நாம் சொல்கிற விரை நீர்வீக்கத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். நீர்வீக்கம் படுத்தாலும் குறையாது, இருமினாலும் பெரிதாகாது. குடலிறக்கம் இரண்டும் செய்யும். டாக்டர் கையால் தொட்டே பெரும்பாலும் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன்.

பெண்களுக்கு வருவது வேறு மாதிரி. சிசேரியனோ கர்ப்பப்பை ஆபரேஷனோ செய்த பழைய தழும்பு வழியாகப் பிதுங்கலாம். இரண்டு மூன்று பிரசவத்துக்குப் பிறகு தொப்புளிலும் வரலாம். ‘வயிறு போட்டுடுச்சு, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடாதீர்கள். நின்று இருமிப் பாருங்கள். தழும்பில் ஓரிடம் மட்டும் தனியாகப் புடைத்தால் காட்டிவிடுவது நல்லது. வயதான, ஒல்லியான பெண்களுக்குத் தொடையின் மேல்பக்கத்தில் சின்ன நெல்லிக்காய் அளவில் ஒன்று வரும். பார்க்கச் சின்னதுதான். ஆனால், எல்லாவற்றிலும் பொல்லாதது இதுதான். ஓட்டை குறுகலாக இருப்பதால் குடல் சட்டென்று மாட்டிக்கொள்ளும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம் குழந்தைகள். பிறந்த குழந்தைக்குத் தொப்புள் பலூன் மாதிரிப் புடைத்திருந்தால் அப்பத்தாக்கள் உடனே ஒரு ரூபாய்க் காசைத் துணியில் சுற்றி, வயிற்றில் வைத்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மாசக்கணக்கில் கட்டி, புடைப்பு மறைந்ததும் ‘பாத்தியா, காசு வெச்சுக் கட்டுனதுல சரியாப் போச்சு!’ என்பார்கள். காசு கட்டாத குழந்தைக்கும் அது பெரும்பாலும் நாலைந்து வயசுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதுதான் உண்மை. காசு கட்டினால் தோல் புண்ணாகி, சீழ் பிடிப்பதுதான் மிச்சம். (அப்பத்தாவிடம் சண்டை போடாமல், பக்குவமாகச் சொல்லுங்கள்!)

ஆனால், குழந்தைக்குத் தொடை இடுக்கில் புடைப்பு வந்தால் கதையே வேறு. அது தானாக மூடாது. அழும்போது வீங்கி, தூங்கும்போது மறைகிறதே என்று காத்திருக்கக் கூடாது. மாதம் முந்திப் பிறந்த குழந்தைகளுக்கு இது அதிகம் வரும். குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுதல். கண்டுபிடித்த சீக்கிரத்திலேயே குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அந்த ராத்திரி...

இனி சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் ஒருதடவை படித்துவிடுங்கள்.

பிதுங்கின குடல் உள்ளே போக முடியாமல் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். கழுத்தை நெரித்த மாதிரி ரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் அந்தக் குடல் துண்டு அழுக ஆரம்பித்துவிடும். வழக்கமாக உள்ளே போகிற கட்டி போகாமல் கல் மாதிரி இறுகும். தொட்டால் உயிர் போகும். வயிற்றைப் பிசைந்து வாந்தி வரும். வயிறு உப்பும். காற்றுப் பிரியாது, வெளிக்குப் போகாது. மேல்தோல் சிவக்கலாம்.

இந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கும்? ‘வாயுப் பிடிப்புங்க’ என்று பெருங்காயம் கரைத்துக் கொடுப்பார்கள். விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெய் தடவிக் கட்டியை அமுக்கி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். எல்லாமே ஆபத்து! அழுகத் தொடங்கின குடலை உள்ளே தள்ளினால் விஷம் வயிறு முழுக்கப் பரவும். பேதிக்குக் கொடுத்தால் அடைபட்ட குடல் இன்னும் உப்பும். வாய்க்கு ஒன்றும் தராமல், தண்ணீர்கூடத் தராமல், 108-க்கு போன் போடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரத்தோடு போனால் குடலை விடுவித்துத் தைத்து அனுப்புவார்கள். தாமதித்தால் குடலையே வெட்டி எடுக்க நேரும். உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

பெல்ட் குணப்படுத்துமா?

மருந்துக்கடையில் விற்கிற ஹெர்னியா பெல்ட் ஓட்டையை மூடாது. ஆபரேஷன் தாங்க முடியாத அளவுக்கு இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்கு டாக்டர் சொன்னால் கட்டலாம். மற்றபடி, கட்டி வெளியே இருக்கும்போதே அதன்மேல் பெல்ட்டை இறுக்கினால் குடலை நீங்களே நசுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

‘அப்ப எல்லாருமே உடனே ஆபரேஷன் பண்ணிக்கணுமா?’

அவசியம் இல்லை. தொடை இடுக்கில் வலியே இல்லாத சின்னப் புடைப்பு உள்ள 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2006-ல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப் பேர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் குடல் மாட்டிக்கொண்டது ஆயிரம் பேரில் வருஷத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்ற கணக்குதான். ஆனால், பத்து வருஷத்தில் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், முக்கியமாக வலி வந்ததால், தாங்களாகவே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். ஆக, வலி இல்லாத ஆண்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் நிதானமாக நாள் பார்க்கலாம். காட்டாமலே காத்திருப்பது வேறு விஷயம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

கொசுவலையில் ஒட்டுப் போட்ட டாக்டர்

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முறையான வழி காட்டியவர் இத்தாலியின் பஸ்ஸினி. 1887-ல் அவர் தன் முறையை வெளியிட்டார். கிழிந்த இடத்தின் இரண்டு பக்கத் தசையையும் இழுத்து வைத்துத் தைப்பது அவர் வழி. இறுக்கமான ஜாக்கெட்டில் கிழிந்த இடத்தை இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? மறுபடி அதே இடத்தில் பிரியும். பலருக்கு அப்படித்தான் திரும்ப வந்தது. ‘எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணியும் நிக்கலை’ என்று கேள்விப்படுகிறோமே, அதில் பாதி அந்தக் காலத்துக் கதைகள்.

1980-களில் அமெரிக்க டாக்டர் லிக்டென்ஸ்டைன், இழுக்கவே வேண்டாம், மேலே ஒரு வலையை வைத்து ஒட்டுப் போடுவோம் என்றார். பாலிப்ரொப்பிலீன் வலை. தசை அந்த வலைக் கண்களுக்குள் வளர்ந்து கெட்டியாகிவிடும். வலியும் குறைவு, திரும்ப வருவதும் நூற்றில் ஓரிரண்டு பேருக்கு என்ற அளவுக்கு இறங்கியது. ஒரே சங்கடம், அந்தக் கையகல வலையின் விலை!

மகாராஷ்டிரத்தில் தொண்டாய்ச்சா என்று ஒரு சின்ன ஊர். அங்கே டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், வலை வாங்க வழியில்லாத ஏழை நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து யோசித்தார். கொசுவலையும் கிட்டத்தட்ட அதே பிளாஸ்டிக்தானே? துணியைத் துண்டு போட்டு, கிருமி நீக்கி, அதையே வைத்துத் தைத்தார். மற்ற ஊர் டாக்டர்களையும் சேர்த்துக்கொண்டு, செய்த ஆபரேஷன்களின் முடிவை 2003-ல் வெளியிட்டார். ‘கொசுவலையா!’ என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

அதற்குப் பதில் உகாண்டாவிலிருந்து வந்தது. 302 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விலை உயர்ந்த வலை, மறு பாதிக்குக் கொசுவலைத் துணி. 2016-ல் வந்த முடிவின்படி, ஒரு வருஷம் கழித்து இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்குத்தான் திரும்ப வந்தது. அந்தத் துணி எங்கே தயாரானது தெரியுமா? நமக்குப் பக்கத்து மாவட்டம், கரூரில்!

(உடனே வீட்டுக் கொசுவலையை மடித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடாதீர்கள். பூச்சி மருந்து தடவின வலை கூடவே கூடாது. கிருமி நீக்குவதும் தனிப் பக்குவம்.)

எங்கே, எப்படி?

இன்று செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை. ஒட்டன்சத்திரத்தில் 1955-லிருந்து இயங்கும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சேரும் முன்பே கவுன்ட்டரில் விசாரித்துவிடுங்கள்.

ஆபரேஷன் இரண்டு விதம். தொடை இடுக்கில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி வலை வைப்பது ஒன்று. இதற்கு முதுகில் ஊசி போட்டாலே போதும். சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தும் செய்யலாம். மற்றது, சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி. இதற்கு முழு மயக்கம் வேண்டும். வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருப்பவர்களுக்கும், ஒருதடவை திறந்து செய்து திரும்ப வந்தவர்களுக்கும் இது வசதி. என்னைக் கேட்டால், எந்த முறை என்பதைவிட, உங்கள் டாக்டருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். தயங்காமல் கேளுங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பீடி சிகரெட்டை ஒரு மாதம் முன்பே நிறுத்துங்கள். ஆபரேஷன் அன்றைக்கே எழுந்து நடக்கச் சொல்வார்கள். ‘தையல் பிரிஞ்சுடும்’ என்று படுத்தே கிடக்காதீர்கள். விதைப்பையில் கொஞ்சம் நீலம் பாய்ந்து வீங்கலாம், தானே வடியும். காய்ச்சல், சீழ், சிறுநீர் அடைப்பு என்றால் மட்டும் உடனே ஓடுங்கள். நூற்றில் பத்துப் பேருக்கு அந்த இடத்தில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்பதையும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. மலச்சிக்கல் வராமல் கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் போதும். சிறுமலைப் பழம் கிடைத்தால் இன்னும் விசேஷம். இரண்டாவது வாரத்தில் ஆபீஸ் போகலாம். சட்டென்று பிரேக் பிடித்தாலும் வலிக்கவில்லை என்றால் மொபெட் ஓட்டலாம். தாம்பத்தியத்துக்கும் அதே கணக்குதான், வலி இல்லையென்றால் தடையில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் மட்டும் நாலிலிருந்து ஆறு வாரம் பொறுத்து, டாக்டர் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகு, முதலில் பாதிப் பாரமாக ஆரம்பிக்கலாம்.