காதில் தூண்டினால் இரைப்பைக்கு என்ன ஆகிறது?

பழைய டெல்லியின் கடைத்தெருக்களில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய காது சுத்தம் செய்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் குச்சியை உள்ளே விட்டதும் சிலருக்கு இருமல் வந்துவிடும். தொட்டது காதை, இருமுவது தொண்டை. காதின் தோலுக்கு வரும் நரம்புகளில் ஒன்று வேகஸ் நரம்பின் கிளை என்பதுதான் காரணம். மூளைத்தண்டில் புறப்படும் வேகஸ், கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை செல்கிறது. அப்படியானால் காதைத் தூண்டி இரைப்பையின் அசைவை மாற்ற முடியுமா?

இரைப்பைக்குச் சொந்தத் தாளம் உண்டு. அதன் சுவரில் உள்ள காஹால் செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 3 மின் அலைகளை எழுப்புகின்றன. அந்த அலைகளையொட்டித் தசை சுருங்கி உணவை அரைத்துச் சிறுகுடலுக்குத் தள்ளுகிறது. அந்தச் சுருக்கத்தைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் வேகஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் வேகஸ் கட்டளை இடுவதைவிடச் செய்தி சொல்வதே அதிகம். அதன் இழைகளில் சுமார் 80 விழுக்காடு உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செல்பவை. இரைப்பை விரியும்போது அவற்றில் சில துடிப்பதை, பூனைகளின் வேகஸ் இழைகளைத் தனித்தனியே பிரித்துப் பதிவு செய்து காட்டியவர் அவ்தார் சிங் பெயிந்தால். அந்த ஆய்வு 1954இல் வெளியானது. பின்னர் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் இயக்குநராக நெடுங்காலம் இருந்தவர் அவர். வயிறு நிறைந்ததை மூளை எப்படி அறிகிறது என்பதற்கு அவர் தந்த விடை, இன்றைய காது ஆராய்ச்சிக்கும் அடித்தளம்.

காதுமடலின் உட்குழியில் மேல்பகுதியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினால், அந்தச் செய்தியும் இரைப்பையின் செய்திகள் போய்ச்சேரும் அதே மூளைத்தண்டு நரம்புத் தொகுப்பை அடைகிறது. இரைப்பைக்குக் கட்டளை அனுப்பும் தொகுப்பு அதை ஒட்டியே இருக்கிறது. காதிலிருந்து மேலே, அங்கிருந்து இரைப்பைக்குக் கீழே: இதுதான் பாதை.

பலன் எப்படி? 2020இல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள், இடது காதைத் தூண்டியபோது இரைப்பையின் மின் அலைகள் சற்றே மந்தமானதைக் கண்டார்கள். சீனாவில் அஜீரணக் கோளாறு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில் தொந்தரவு குறைந்தது. மின்துடிப்புகளின் வேகமும் மின்னோட்டத்தின் அளவும் மாறினால் விளைவும் மாறுகிறது. வயிறு காலியா நிறைந்ததா என்பதும் முக்கியம். ஆகவே இதை இரைப்பையை முடுக்கும் பொத்தானாக எண்ணக் கூடாது.

நீண்டகாலச் சர்க்கரை நோயில் வேகஸ் நரம்பே பழுதாகி, உணவு இரைப்பையில் தங்கிவிடுவது உண்டு. அப்படிப்பட்டவருக்குக் காதுச் செய்தி மூளையை எட்டினாலும், கட்டளை இறங்கிவரும் வழி கெட்டிருக்கலாம். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோகிறது, உண்டது பல மணி நேரம் கழித்தும் வாந்தியாக வருகிறது என்றால், காதில் மாட்டும் கருவியைத் தேடாதீர்கள். முதலில் இரைப்பை, குடல் மருத்துவரிடம் போங்கள். உணவு எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்குகிறது என்பதை அளக்கப் பரிசோதனை இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய மின்கருவி எதையும் தொடவே வேண்டாம்.