வேன்ல எதை ஏத்தணும்? டெல்டாவுக்குக் கிளம்பும் முன்னாடி

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, மழைக்காலம் வருது. புயல் ஏதாவது அடிச்சா தஞ்சாவூர் பக்கம் உதவிக்குப் போகணும்னு எங்க சர்ச் யூத் குரூப்ல பன்னிரண்டு பேர் தயாரா இருக்கோம். என்னென்ன பேக் பண்ணணும்?"

நல்ல கேள்வி. நாங்க தப்பா பேக் பண்ண கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. சென்னையில 2015-ஐப் பார்த்த எங்களுக்குப் பேரிடர்னாலே வெள்ளம்தான். அதனால வெள்ளத்துக்குப் பேக் பண்ணோம். பிரெட், பிஸ்கட், போர்வை, நாலு பெரிய அட்டைப்பெட்டி நிறைய பழைய துணி. ஆனா கஜா முக்கியமா காத்து. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்பு தோப்பா சாய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் போச்சு. கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடலன்னா டேங்க்ல தண்ணி ஏறாது. அந்த ஊர்களுக்கு அப்போ தேவைப்பட்டது ஜெனரேட்டர், மரம் அறுக்கிற மெஷின், கூரை போன வீட்டு மேல போட தார்ப்பாய்.

நாங்க அஞ்சாவது நாள் போய் இறங்கினோம். முதல்ல வந்த அம்மா பெட்டியைத் திறந்துகூட பாக்கல. "தார்ப்பாய் இருக்காப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எங்ககிட்ட மூணே மூணு இருந்துச்சு. அதுவும் எங்க சாமான் நனையக்கூடாதுன்னு வேன் மேல கட்டியிருந்தது. அவுத்துக் கொடுத்தோம். பழைய துணிப் பெட்டி நாலும் அப்படியே சென்னைக்குத் திரும்பி வந்துச்சு. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் ரோட்டோரத்துல பழைய துணி மலை மாதிரி குவிஞ்சு கிடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லாத்தையும் இழந்தவங்களுக்கும் மானம்னு ஒண்ணு இருக்குல்ல. துணி கொடுக்கிறதா இருந்தா புதுசா கொடுங்க. நைட்டி, கைலி, உள்ளாடை, நாப்கின்.

ஆனா நாங்க பண்ண பெரிய தப்பு பெட்டிக்குள்ள இல்ல.

மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பொது இடத்துல வேனை நிறுத்தி, வரிசை போட்டுக் கொடுத்தோம். ரெண்டு மணி நேரத்துல எல்லாம் காலி. போட்டோ எடுத்தோம், சந்தோஷமா இருந்துச்சு. கிளம்புற நேரத்துல ஒரு பையன் சைக்கிள்ல வந்தான். "அண்ணே, எங்க தெருவுக்கு எப்ப வருவீங்க?" அரை கிலோமீட்டர் உள்ள தள்ளி காலனி. அங்கிருந்து ஒருத்தரும் அந்த வரிசையில நிக்கல. ஏன் நிக்கலன்னு நான் விளக்கணுமா? வேன் எங்க நிக்கணும்னு எங்களுக்குச் சொன்னது ஊர்க்காரங்க. காலனி எங்க இருக்குன்னு நாங்க கேட்கவே இல்ல. அந்தப் பையனுக்குக் கொடுக்க எங்ககிட்ட மிச்சம் இருந்தது ரெண்டு பாக்கெட் பிஸ்கட்.

அதனால தம்பி, பையைத் தொடுறதுக்கு முன்னாடி போனை எடுங்க. அந்தப் பகுதியில ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், ஒரு உபதேசியார், யாராவது ரெண்டு மூணு பேர்கிட்ட பேசுங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டா ஒரு தெருவோட கணக்குதான் கிடைக்கும். எத்தனை தெரு, எத்தனை வீடு, யாருக்கு இன்னும் எதுவும் போகலன்னு கேளுங்க. முதல் வண்டி கடைசித் தெருவுக்குப் போகட்டும்.

ரெண்டாவது தடவை போனப்போ சாமானைக் குறைச்சு, பணமா எடுத்துட்டுப் போனோம். யோசிச்சுப் பாருங்க, நெல் விளையிற ஊருக்குச் சென்னையில இருந்து அரிசி மூட்டை! அரிசியும் பருப்பும் தஞ்சாவூர் கடைத்தெருவுலயே வாங்கினோம். அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம்தானே.

இதுக்கு ஒரு பழைய தஞ்சாவூர்க் கதை இருக்கு. 1781 வாக்குல ஹைதர் அலி படையெடுப்பு, கோட்டைக்குள்ள பஞ்சம். வெளியில விவசாயிங்ககிட்ட நெல் இருந்துச்சு. ஆனா கொடுத்தா காசு வரும்னு யாருக்கும் நம்பிக்கை இல்ல. ராஜாவையும் நம்பல, கம்பெனியையும் நம்பல. சுவார்ட்ஸ் ஐயர்னு ஒரு ஜெர்மன் மிஷனரி 1778-ல இருந்து அங்கேயே குடியிருந்தார், தமிழ் பேசுவார். 'காசுக்கு நான் பொறுப்பு'ன்னு அவர் சொல்லி அனுப்பினதும் ஓரிரு நாள்ல ஆயிரம் மாடு வந்துச்சு, 80,000 கலம் நெல் கோட்டைக்குள்ள சேர்ந்துச்சு. சொன்னபடி பணமும் போய்ச் சேர்ந்துச்சு. அவர் எதையும் கப்பல்ல கொண்டு வரல.

சரி, இப்போ பை. ஆளுக்கு ஒண்ணு, நீங்களே தூக்கிட்டு நடக்கிற கனம். முழுக்கை காட்டன் சட்டை ரெண்டு செட், கனமான அடி வச்ச ஷூ, கிளவுஸ். இடிஞ்ச வீட்டுல ஓடும் ஆணியும் கிடக்கும், அதனால டிடி ஊசி முன்னாடியே போட்டுக்கோங்க. டார்ச் கட்டாயம், பாம்பு வரும். ஓஆர்எஸ், குளோரின் மாத்திரை, தினம் போடுற மருந்து, பவர் பேங்க். ஏடிஎம்மும் யுபிஐயும் வேலை செய்யாது, நூறு ரூபாய் தாளா வச்சுக்கோங்க. அறுந்து கிடக்கிற வயர் பக்கம் போகாதீங்க. சாய்ஞ்ச தென்னையை அறுக்கிறது தெரிஞ்சவங்க வேலை. வீடியோவுக்காக மெஷினைத் தொடாதீங்க.

உங்க சாப்பாட்டுக்கு அரிசி, அடுப்பு எல்லாம் நீங்களே கொண்டு போங்க. இல்லன்னா என்ன ஆகும் தெரியுமா? கூரையே இல்லாத வீட்டுல ஒரு பாட்டி "சாப்டீங்களாய்யா"ன்னு கேட்டுட்டு, தனக்கு வந்த நிவாரண அரிசியை உங்களுக்கு உலையில போட்டுடுவாங்க. எங்களுக்கு நடந்துச்சு. வேண்டாம்னு சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல.

இன்னொண்ணு, கொஞ்சம் சங்கடமான விஷயம். சர்ச் பேனரை வேன்ல கட்டலாமா, அரிசிப் பையோட ஒரு துண்டுப் பிரசுரம் வைக்கலாமான்னு எங்க குரூப்லயே சண்டை வந்துச்சு. செஞ்சிலுவை இயக்கமும் மத்த நிவாரண அமைப்புகளும் 1994-ல ஒரு நடத்தை விதி போட்டாங்க. உதவியை வச்சு மதத்தையோ கட்சியையோ பரப்பக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. எனக்கு விசுவாசம் உண்டு. ஆனா பசியில கை நீட்டுறவங்களால 'எனக்கு இந்தத் தாள் வேண்டாம்'னு சொல்ல முடியாதே. பேனரைச் சுருட்டி சீட்டுக்கு அடியில போட்டோம்.

அந்த மூணு தார்ப்பாய்ல ஒண்ணை ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தேன். மாட்டுக் கொட்டகை மேல, நாலு மூலையிலும் கல்லு வச்சு. நீலம் வெளுத்துப்போச்சு. "வேற இருந்தா கொண்டு வாப்பா, இது ஒழுகுது"ன்னாங்க அந்த அம்மா.