கிணற்றில் மேலே என்ன, அடியிலே என்ன?

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் நாம் செய்வது ஒன்றுதான். மோட்டாரைப் போட்டு, பைப்பில் விழுவதை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிடுவோம். உப்பு, கடினத்தன்மை பார்க்க அது போதும். ஆலைக் கழிவு கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் போதாது. ஏன்னா, எல்லாக் கழிவும் தண்ணீரில் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

டீசல், பெட்ரோல், என்ஜின் ஆயில் மிதக்கும். இரும்புச் சாமானில் கிரீஸ் எடுக்கிற ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மிதக்கிற கழிவு என்ன செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. மின் நிலையத்துக் கழிவு எண்ணெய், சுண்ணாம்புக்கல் நிலத்தில் இறங்கி ஊர்க் கிணறுகளுக்கு வந்தது. பவுசரில் குடிநீர் கொடுக்க வேண்டிய நிலை. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. சென்னை தண்டையார்பேட்டையிலும் 2013-ல் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. காரணம், பெட்ரோலியக் குழாய்க் கசிவு.

இதை அளக்க, எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டும் மின்கருவி உண்டு. அதே வேலையைச் செய்யும் எளிய வழியை பாங்கில் இருந்தபோது பார்த்தேன். கடனுக்கு இருப்பு சரிபார்க்க பெட்ரோல் பங்க் போனால், அளவுகோலில் ஒரு பசை தடவி டேங்கில் விடுவார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் பசை நிறம் மாறும். கிணற்றில் இரும்பு டேப்பில் அந்தப் பசையைத் தடவி இறக்கினால், எண்ணெய் நனைத்த கோட்டுக்கும் நிறம் மாறிய கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் எண்ணெயின் கனம். மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்கணும், ஓடினால் கலங்கிவிடும். பீடி, தீப்பெட்டி பக்கத்தில் கூடாது. வாடை வந்தால் கிணற்றில் இறங்கவே கூடாது.

மேலே பளபளப்பாகப் படலம் தெரிந்தாலே எண்ணெய் என்று பயப்பட வேண்டாம். குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் இரும்புப் பாக்டீரியா. மறுபடி ஒட்டிச் சேர்ந்தால் எண்ணெய்.

அடியில் தங்குவதைப் பிடிக்க, கல் கட்டி மூடிய பாட்டிலைத் தரைவரை இறக்கி, அங்கே மூடியைக் கயிற்றால் இழுக்கணும். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் கழிவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பாறை வெடிப்பு வழியாக அது வேறு பக்கம் போயிருக்கலாம்.

நம்ம சிவகாசிப் பக்கம் முக்கியமான சங்கதி வேறு. பட்டாசு மருந்தில் சேர்கிற பெர்குளோரேட் மிதக்காது, படியாது. உப்பு மாதிரி கரைந்துவிடும். நிறமும் வாடையும் காட்டாது. பட்டாசு ஆலைகளை ஒட்டிய நிலத்தடி நீரில் அது இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதை அது தடுக்கும். பாசனத்தில் வந்தால் கீரை இலையிலும் ஏறும். மண்புழு உரம் போட்டு வளர்த்தாலும் அந்தக் கீரை சுத்தமாகிவிடாது.

ஆகவே டேப்பும் பசையும் மேலே உள்ளதைச் சொல்லும், அடிப் பாட்டில் கீழே உள்ளதைச் சொல்லும். கரைந்ததை ஆய்வகம்தான் சொல்லணும். மாதிரியைக் கொடுக்கும்போது ‘பெர்குளோரேட் பார்க்கவும்’ என்று தனியாக எழுதிக் கொடுங்கள். கேட்காத கணக்கை எந்த ஆய்வகமும் தானாகப் பார்த்துக் கொடுக்காது.